மெய்டன்ஹேர் பெரணி: மூன்றாவது செடியும் காய்கிறது, எங்கே தவறு?

ஜன்னலோரம் (முதல் நாள், காலை)

வணக்கம். இங்கே பெரணி வளர்க்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். இது எனக்கு மூன்றாவது மெய்டன்ஹேர். முதல் இரண்டும் போய்விட்டன. இதையும் விட மனமில்லை.

வாங்கி வந்தபோது தொட்டியே தெரியாத அளவுக்குக் குடை மாதிரி விரிந்திருந்தது. பதினோராம் நாள் ஓரத்துத் தண்டுகளில் இலைகள் உள்பக்கமாகச் சுருள ஆரம்பித்தன. அடுத்த இரண்டே நாளில் பாதிச் செடி காய்ந்துவிட்டது. காய்ந்த இலையை விரலிடுக்கில் வைத்துத் தேய்த்தால் பொடிப்பொடியாக உதிர்கிறது. பழுப்பாகக்கூட மாறவில்லை, சாம்பல் கலந்த பச்சையிலேயே மொறுமொறுவென்று ஆகிவிட்டது.

இருக்கும் இடம் கிழக்கு ஜன்னலிலிருந்து மூன்று அடி தள்ளி. நேர் வெயில் படாது. ஒரு நாளைக்கு மூன்று முறை ஸ்பிரே பாட்டிலால் இலைகளை நனைக்கிறேன். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் தண்ணீர். மேல் மண்ணைத் தொட்டால் எப்போதும் ஈரம்தான். ஊற்றிய தண்ணீர் உடனே அடியில் வடிந்துவிடுகிறது, தேங்குவதே இல்லை. அப்புறம் ஏன் காய்கிறது?

நிழல்விரும்பி (முதல் நாள், காலை)

காற்றில் ஈரம் போதவில்லை. இந்தச் செடிக்கு எல்லாரும் சொல்வது அதுதான். செடியைக் குளியலறைப் பக்கம் மாற்றுங்கள், ஸ்பிரேயை ஐந்து முறையாக்குங்கள். ஏசியோ ஃபேனோ நேராகப் படுகிறதா என்றும் பாருங்கள்.

ஈரமண் (முதல் நாள், மதியம்)

ஜன்னலோரம் தம்பி, எதையும் மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். தொட்டியை ஒரு கையால் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய தொட்டி கையை இழுக்க வேண்டும். வெறும் தொட்டி மாதிரி லேசாக எழும்பினால் செடியைத் தொட்டியோடு சாய்த்து, ஓரத்தை அழுத்தி, வேர்க்கட்டியை மெதுவாக வெளியே எடுங்கள். நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். மேல் மண்ணைப் பார்க்க வேண்டாம், நடுவைப் பாருங்கள்.

"ஊற்றிய உடனே வடிந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிதான் எனக்கு உறுத்துகிறது.

ஜன்னலோரம் (முதல் நாள், மாலை)

அக்கா, எடுத்துப் பார்த்தேன். தொட்டி நான் நினைத்ததைவிட மிகவும் லேசாக இருந்தது. வெளியே எடுத்தபோது மேலே ஒரு விரல் கனத்துக்குக் கறுப்பாக ஈரமண். அதற்குக் கீழே எல்லாம் வெளிறிய பழுப்பு. விரலை விட்டால் காய்ந்த தேங்காய் நாரைத் தொடுவதுபோல் இருக்கிறது. வேர்க்கட்டிக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவே ஒரு நூல் அளவு இடைவெளி. ஊற்றிய தண்ணீர் எல்லாம் அந்த இடைவெளி வழியாக ஓடிப்போயிருக்கிறது. இத்தனை நாள் மேல்மண்ணை மட்டும்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

ஈரமண் (முதல் நாள், இரவு)

சரி, காரணம் கிடைத்துவிட்டது. இப்போது விரிவாகவே எழுதுகிறேன், இந்தச் செடியை இழந்த பலருடைய வீட்டில் நடப்பது இதுதான்.

கடையில் வரும் செடிகள் பெரும்பாலும் பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) அல்லது கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் இருக்கும். பீட் முழுக்க ஒருமுறை காய்ந்துவிட்டால் தண்ணீரை உறிஞ்சாது, தள்ளும். கட்டி சுருங்கிச் சுவரை விட்டு விலகும். மேலிருந்து எவ்வளவு ஊற்றினாலும் பக்கவாட்டில் இறங்கி வெளியே வந்துவிடும். இதற்கு நடுவே ஸ்பிரே மேல்மண்ணை மட்டும் நனைத்துக்கொண்டே இருப்பதால், தொட்டுப் பார்க்கிற நமக்கு ஈரமாகவே தெரியும். அடியில் வேர் காய்ந்துகொண்டிருக்கும். உங்கள் ஸ்பிரே செடிக்குக் கெடுதல் செய்யவில்லை, ஆனால் உங்கள் கண்ணை மறைத்துவிட்டது.

இலையை நனைத்தால் செடி குடிக்கும் என்பது இந்தச் செடியிடம் நடக்காது. இதன் பேரினத்துக்கு அடியாண்டம் என்று பெயர். கிரேக்கத்தில் "நனையாதது" என்று பொருள். பெயர் வைத்தவர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு தண்டை அப்படியே தண்ணீருக்குள் அமிழ்த்திப் பாருங்கள். இலைமேல் மெல்லிய காற்றுப் படலம் ஒட்டிக்கொண்டு வெள்ளிபோல் மின்னும். வெளியே எடுத்து ஒரு உதறு உதறினால் இலை காய்ந்தே இருக்கும். மழை பெய்தாலும் துளிகள் முத்துமுத்தாக உருண்டு கீழே விழுமே தவிர, ஒட்டாது.

இப்போது செய்ய வேண்டியது: ஒரு வாளியில் அறை வெப்பத்துத் தண்ணீர் எடுத்து, தொட்டியை விளிம்பு வரை இறக்குங்கள். முதலில் மிதக்கும், கையால் பிடித்துக்கொள்ளுங்கள். குமிழிகள் வரும். குமிழி நின்ற பிறகும் அரைமணி நேரம் விடுங்கள். எடுத்து வடிய விட்டுத் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனத்தைக் கை ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும். இனிமேல் எப்போது தண்ணீர் என்று மேல்மண்ணைக் கேட்காதீர்கள், கனத்தைக் கேளுங்கள்.

கண்ணாடிப்பெட்டி (இரண்டாம் நாள்)

ஈரமண் சொன்ன வேர்க்கட்டி விஷயம் சரிதான், ஆனால் காற்றின் ஈரப்பதத்தை இப்படி ஓரங்கட்டுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான் ஈரப்பதமானி வைத்து அளந்துதான் வளர்க்கிறேன். என் அறையில் 35 சதவீதத்துக்குக் கீழே போகிற நாட்களில், வேரில் ஈரம் இருக்கும்போதே புதுத் தளிர்களின் நுனி கருகிப்போயிருக்கிறது. 55க்கு மேல் இருக்கும்போது அதே செடி ஒரு குறையும் இல்லாமல் விரிகிறது. இதை நான் கற்பனை செய்யவில்லை.

வீட்டுக்குள் பெரணி வளர்க்கும் பழக்கம் பரவியதே கண்ணாடிக்குள் ஈரத்தைப் பிடித்து வைத்ததால்தான். லண்டனில் நதானியல் வார்ட் என்ற மருத்துவர் தோட்டத்தில் பெரணி வளர்த்துப் பார்த்தார். நிலக்கரிப் புகையில் எல்லாம் வாடிப்போயின. 1829இல் அவர் விட்டில்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். அந்த மண்ணிலிருந்து அவர் நடாத ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாக முளைத்தன. பாட்டிலுக்குள் ஈரம் சுவரில் படிந்து மறுபடி மண்ணுக்கே இறங்குவதை அவர் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வார்ட் பெட்டி என்ற மூடிய கண்ணாடிப் பெட்டி. 1833இல் அப்படிப்பட்ட பெட்டிகளில் செடிகளை வைத்துக் கப்பலில் சிட்னிக்கு அனுப்பினார்கள், உயிரோடு போய்ச் சேர்ந்தன. பெரணிக்கு மூடிய காற்று எவ்வளவு உதவும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஈரமண் (இரண்டாம் நாள்)

கண்ணாடிப்பெட்டி, நீங்கள் அளந்து சொல்வதை மறுக்கவில்லை. நுனி கருகுவது காற்றால்தான். நான் சொல்ல வருவது வரிசை. காற்று வறண்டால் இலை வேகமாகத் தண்ணீரை இழக்கும், அப்போது வேரில் ஈரம் இருந்தால் செடிக்குச் சேதம் நுனியோடு நிற்கும். வேரில் ஈரம் இல்லையென்றால் 60 சதவீதக் காற்றிலும் செடி முழுசாகப் போகும். காற்று அவகாசம் தருகிறது. உயிரைக் காப்பது வேர். தம்பி முதல் இரண்டு செடிகளை இழந்ததும் காற்றால் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஸ்பிரே காற்றின் ஈரத்தைக் கூட்டுமா என்றால், சில நிமிடங்களுக்கு மட்டும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைப்பதும் திறந்த அறையில் பெரிதாக எதையும் மாற்றாது. நாலைந்து செடிகளை நெருக்கி வைப்பது கொஞ்சம் உதவும். மூடிய கண்ணாடி நிச்சயமாக உதவும், அதில் நீங்கள் சொல்வதே சரி.

கண்ணாடிப்பெட்டி (இரண்டாம் நாள்)

வரிசை என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். இங்கே வந்து கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஈரப்பதக் கருவி வாங்கிய பிறகும் செடியை இழக்கிறார்கள் என்பதும் உண்மைதான்.

மழைநாள் (இரண்டாம் நாள்)

எதிர்ப்பக்கத்து ஆபத்தையும் யாராவது சொல்ல வேண்டும். "காயவே விடாதே" என்று படித்துவிட்டு நான் தொட்டியைத் தண்ணீர் நிறைந்த தட்டிலேயே இரண்டு மாதம் உட்கார வைத்தேன். அந்தச் செடி வேறு மாதிரிப் போனது. இலை மொறுமொறுவென்று ஆகவில்லை. மஞ்சளாகி, துவண்டு, தண்டின் அடி மெத்தென்று ஆகிவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தபோது சாக்கடை வாசனை. வேரெல்லாம் கறுத்து, இழுத்தால் தோல் தனியாக உருவி வந்தது.

எனவே காய்ந்து உதிர்ந்தால் தண்ணீர் குறைவு, மஞ்சளாகித் துவண்டால் மூச்சுத் திணறல் என்று நான் பிரித்துக்கொள்கிறேன். தட்டில் தேங்கிய தண்ணீரை அரைமணியில் கொட்டிவிடுங்கள்.

ஜன்னலோரம் (மூன்றாம் நாள்)

அக்கா சொன்னபடி வாளியில் இறக்கினேன். குமிழி நிற்கவே 20 நிமிடம் ஆனது! சமையலறைத் தராசில் நிறுத்தும் பார்த்தேன். காய்ந்திருந்தபோது 290 கிராம். ஊறி வடிந்த பிறகு 780. ஏறக்குறைய அரைக்கிலோ தண்ணீர் இல்லாமல் அந்தச் செடி நின்றிருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது.

ஆனால் காய்ந்த இலைகள் திரும்பவில்லை. ஐந்தாறு தண்டுகளில் மட்டும் பச்சை இருக்கிறது. மற்றதை வெட்ட வேண்டுமா, விட்டுவைக்கலாமா?

ஈரமண் (மூன்றாம் நாள்)

காய்ந்த இலை திரும்பாது. எத்தனை நாள் காத்திருந்தாலும் திரும்பாது. தண்டு கறுப்பாக இருப்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். இதன் தண்டு உயிரோடு இருக்கும்போதே கறுப்பு, குதிரைமுடி மாதிரி மினுமினுக்கும். தண்டை வளைத்துப் பாருங்கள். வளைந்து நிமிர்ந்தால், நுனியில் பச்சை இலை இருந்தால், விட்டுவிடுங்கள். ஒடிந்தால் வெட்டுங்கள். மண்ணுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் விட்டுக் கூரான கத்தரியால் ஒவ்வொன்றாக. பிடித்து இழுக்கக் கூடாது, அடியில் இருக்கும் தளிர்மொட்டும் சேர்ந்து வந்துவிடும்.

வெட்டி முடித்ததும் மண்ணின் மேல்பரப்பைப் பாருங்கள். தண்டுகள் புறப்படும் இடத்தில் பழுப்புச் செதில் போர்த்த ஒரு முடிச்சு, மண்ணை ஒட்டிப் படுத்தாற்போல் இருக்கும். அதுதான் வேர்த்தண்டு. செடியின் உயிர் அங்கேதான். விரல் நகத்தால் லேசாக அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் செடி பிழைக்கும். அதன்மேல் மண்ணைப் போட்டு மூடிவிடாதீர்கள், அழுகிவிடும்.

ஜன்னலோரம் (மூன்றாம் நாள், இரவு)

வெட்டிவிட்டேன். கை வரவே இல்லை, ஆனாலும் வெட்டினேன். பதினேழு தண்டுகள் போயின, ஆறு மிச்சம். வேர்த்தண்டு கெட்டியாக இருக்கிறது.

சிட்டு (நான்காம் நாள்)

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், தனி இழை தொடங்கும் அளவுக்குப் பெரிய கேள்வி இல்லை. என் மெய்டன்ஹேரில் இலைக்கு அடியில், ஓரம் முழுக்க வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். செதில்பூச்சி என்று நினைத்து இரண்டு நாளாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். வந்துகொண்டே இருக்கிறது. மருந்து அடிக்கலாமா?

வித்துத்தூள் (நான்காம் நாள்)

சகோதரி, சுரண்டுவதை நிறுத்துங்கள்! உங்கள் செடி நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது. அவை ஸ்போர்கள், விதைக்குப் பதிலாகப் பெரணி உண்டாக்கும் தூள்.

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் எடுத்துப் பாருங்கள். மற்றப் பல பெரணிகளில் இலையின் முதுகில் நடுவாகப் புள்ளிகள் இருக்கும். இதில் அப்படி இல்லை. இலையின் விளிம்பே ஒரு சிறு மடிப்பாக உள்பக்கம் திரும்பி, புடவைத் தலைப்பை மடித்துத் தைத்ததுபோல் இருக்கும். அந்த மடிப்பின் உள்முகத்தில்தான் ஸ்போர்ப் பைகள் ஒட்டியிருக்கும். அடியாண்டம் ராடியானம் என்ற வகையில், வீடுகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான், அந்த மடிப்பு வட்டமாக, சிறுநீரக வடிவில் இருக்கும். கேபிலஸ் வெனரிஸ் என்ற வகையில் நீள்வாக்கில் இருக்கும். பூச்சியாக இருந்தால் இப்படி ஒழுங்கான இடைவெளியில் விளிம்பில் மட்டும் உட்காராது. தண்டிலும் நரம்பிலும் கண்டபடி ஒட்டும், பிசுபிசுப்பும் இருக்கும்.

மருந்து பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். நிஜமாகவே மாவுப்பூச்சி வந்தால்கூட வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் எதையும் செடி முழுக்க அடித்துவிடாதீர்கள். இந்த மெல்லிய இலை எண்ணெயைத் தாங்காது, கருகும். பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுங்கள். அதிகமாகப் பரவிய தண்டை வெட்டிவிடுங்கள், புதிது வரும்.

சிட்டு (நான்காம் நாள்)

அப்பாடா. இப்போதுதான் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு இலையும் குட்டி விசிறி, விளிம்பில் பழுப்பு நிறத்தில் மடித்த தையல். இத்தனை நாள் இதைச் சுரண்டியிருக்கிறேனே என்று வருத்தமாக இருக்கிறது. இந்த ஸ்போரிலிருந்து புதுச் செடி வளர்க்க முடியுமா?

வித்துத்தூள் (ஐந்தாம் நாள்)

முடியும். பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். ஆனால் பார்க்கக் கிடைப்பது வேறெந்தச் செடியிலும் கிடைக்காது.

புள்ளிகள் நன்றாகப் பழுப்பான தண்டு ஒன்றை வெட்டி, வெள்ளைத் தாளுக்குள் மடித்து, காற்றுப் படாத இடத்தில் இரண்டு மூன்று நாள் வையுங்கள். தாளில் காப்பித்தூளைவிட நுண்ணிய தூள் உதிர்ந்திருக்கும். கொதிநீர் ஊற்றி ஆறவைத்த கோகோபீட்டை மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பரப்பி, அதன்மேல் இந்தத் தூளை ஒரு தட்டுத் தட்டுங்கள். மூடி, வெளிச்சத்தில் வையுங்கள். வெயில் வேண்டாம்.

சில வாரங்களில் பச்சைப் பாசி படிந்ததுபோல் தெரியும். தூக்கி எறிந்துவிடாதீர்கள், அது பாசி இல்லை! ஒவ்வொன்றும் சின்ன நகத்தளவுகூட இல்லாத இதய வடிவத் தகடு, புரோதாலஸ் என்பார்கள். அதுவே ஒரு தனித் தலைமுறை. அதன் அடிப்பக்கத்தில் ஆணணுவும் முட்டையும் உருவாகும், ஆணணு நீந்திப்போக ஒரு படலம் தண்ணீர் வேண்டும். அந்த நேரத்தில்தான் ஸ்பிரே பாட்டிலுக்கு உண்மையான வேலை வருகிறது. தகடுகள் நன்றாகப் பரவிய பிறகு வாரம் ஒருமுறை, ஆறவைத்த வெந்நீரால் லேசாக நனையுங்கள். அதற்கப்புறம் அந்தத் தகட்டின் பிளவிலிருந்து ஒரே ஒரு குட்டி விசிறி எழும்பும். அதுதான் நமக்குத் தெரிந்த பெரணியின் தொடக்கம்.

நான் முதல்முறை அதைப் பார்த்த காலையில் வீட்டில் எல்லாரையும் எழுப்பிக் காட்டினேன்.

வாலாட்டி (ஆறாம் நாள்)

வீட்டில் பூனை இருக்கிறது, தொங்குவதையெல்லாம் கடிக்கும். மெய்டன்ஹேர் வைக்கலாமா?

மழைநாள் (ஆறாம் நாள்)

வைக்கலாம், மெய்டன்ஹேர் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. ஆனால் அஸ்பாரகஸ் ஃபெர்ன் என்று விற்பதை வாங்கிவிடாதீர்கள். பெயரில்தான் ஃபெர்ன் இருக்கிறது, அது பெரணியே இல்லை, பூனைக்கு ஆகாது. செடிக்குப் பூனையால்தான் ஆபத்து, உயரத்தில் வையுங்கள்.

ஜன்னலோரம் (பன்னிரண்டாம் நாள்)

ஒன்பது நாளாகிறது. ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் தூக்கிப் பார்க்கிறேன். 600 கிராமுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் ஊற்றுகிறேன், தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுகிறேன். ஆறு தண்டுகளில் ஒன்று போய் ஐந்துதான் இருக்கின்றன. சீக்கிரம் வரட்டும் என்று உரம் கொஞ்சம் கொடுக்கலாமா?

ஈரமண் (பன்னிரண்டாம் நாள்)

வேண்டாம், தம்பி. காய்ச்சலில் படுத்தவருக்கு விருந்து வைப்பதுபோல் ஆகிவிடும். காய்ந்து மீண்ட வேருக்கு உப்பு தாங்காது, உரம் என்பதே உப்புதான். புதுத் தண்டு நாலைந்து முழுசாக விரிந்த பிறகு, பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவில் கால்பங்கு, மாதம் ஒருமுறை போதும். வளராத காலத்தில் அதுவும் வேண்டாம்.

இரண்டு வாரத்திலும் வரலாம், ஆறு வாரமும் ஆகலாம். என்னுடைய ஒன்று ஐந்து வாரம் மொட்டையாக இருந்தது. அந்த ஐந்து வாரமும் ஒன்றுமில்லாத மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு கவனம்: இலை குறைந்துவிட்டதால் செடி குடிப்பதும் குறையும். எடை மெதுவாகத்தான் இறங்கும். நாளைக் கணக்கிட்டு ஊற்றினால் மழைநாள் சொன்ன அழுகல் வந்துவிடும். நீங்கள் நிறுத்துப் பார்த்து ஊற்றுவது சரியான வழி.

தெளிநீர் (பதின்மூன்றாம் நாள்)

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலை நுனி மட்டும் பழுப்பாகி, மண்மேல் வெள்ளையாகப் படிந்தால் குழாய்த் தண்ணீரின் உப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். மழைநீர் பிடித்து வைக்க முடிந்தால் அதைவிட நல்லது இல்லை. இல்லையென்றால் வடிகட்டிய தண்ணீர். அதுவும் முடியாவிட்டால் மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல் மூன்று மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடிவழியாகக் கழுவி விடுங்கள்.

சுண்ணாம்பைக் கண்டு எல்லா மெய்டன்ஹேரும் பயப்படாது. கேபிலஸ் வெனரிஸ் இயற்கையில் தண்ணீர் கசியும் சுண்ணாம்புப் பாறையிலேயே வளர்வது. பாறை இடுக்கில் மண் ஒரு பிடிகூட இருக்காது, ஆனால் கசிவு நிற்காது. இந்தச் செடிக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பாறையே காட்டிவிடுகிறது.

கோகோபீட் பயன்படுத்துகிறவர்கள் அதை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, நாலைந்து முறை பிழிந்து கழுவிவிடுங்கள். அதிலும் உப்பு இருக்கும். நான் கலப்பது இரண்டு பங்கு கோகோபீட், ஒரு பங்கு மக்கிய இலை, ஒரு பங்கு பெர்லைட் (மண்ணை இளக்கும் லேசான வெள்ளைக் கல்துகள்).

நிழல்விரும்பி (பதின்மூன்றாம் நாள்)

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா? மண் தொட்டியில்தான் வேர் மூச்சுவிடும் என்று எல்லாச் செடிக்கும் அதையே வைத்திருக்கிறேன்.

ஈரமண் (பதின்மூன்றாம் நாள்)

இதற்கு மட்டும் பிளாஸ்டிக். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் நாலு பக்கமும் ஆவியாகிக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒரு நாள் மறந்தால் போதும். மண் தொட்டிதான் அழகு என்றால் பிளாஸ்டிக் தொட்டியை அதற்குள் இறக்கி, இடைவெளியில் ஈரமான பாசியைத் திணித்துவிடுங்கள். பெரிய தொட்டிக்கும் ஆசைப்படாதீர்கள். வேர் மேலாகத்தான் ஓடும், தொட்டி பெரிதானால் அடிமண் வேர் தொடாமல் புளித்துப்போகும்.

வெளிச்சம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நிழல் செடி என்று இருட்டு மூலையில் வைத்துவிடுகிறார்கள். செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாள் மேல் கையை நீட்டிப் பாருங்கள். விளிம்பு மங்கிய நிழல் விழுந்தால் சரியான இடம். நிழலே விழவில்லையென்றால் இருட்டு, தண்டுகள் நீண்டு இலை இடைவிட்டு வரும். கத்தி மாதிரி கூர்மையான நிழல் விழுந்தால் இலை வெளுத்துக் கருகும். தம்பியின் மூன்று அடியை ஒன்றரை அடியாக்கலாம்.

ஊர்சுற்றி (பதினைந்தாம் நாள்)

வேலை காரணமாக வாரத்தில் நாலு நாள் வீட்டில் இருக்க மாட்டேன். எனக்கு இந்தச் செடி ஆகாது என்று விட்டுவிட வேண்டியதுதானா?

தெளிநீர் (பதினைந்தாம் நாள்)

விட வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது. ஹிஸ்பிடுலம் என்ற வகையைத் தேடுங்கள். அதன் இலை தடிமன், லேசாகச் சொரசொரப்பாக இருக்கும், ஒரு வேளை தண்ணீர் தவறினால் ராடியானம் போல உடனே போய்விடாது. புதுத் தளிர் செம்பு கலந்த ரோஜா நிறத்தில் வரும், அதற்காகவே வளர்க்கலாம்.

இன்னொன்று திரி. நைலான் கயிறு ஒன்றை நன்றாக நனைத்து, ஒரு முனையைத் தொட்டியின் அடித்துளை வழியாக வேர்க்கட்டிக்குள் ஏற்றி, மறுமுனையைக் கீழே இருக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தில் விடுங்கள். தொட்டி தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், உள்ளே உட்காரக் கூடாது. பருத்தித் திரி சீக்கிரம் மக்கிவிடும். ஊருக்குப் போகிற அன்றைக்குப் புதிதாகப் போட்டுவிட்டுப் போகாதீர்கள், ஒரு வாரம் வீட்டில் இருக்கும்போதே போட்டு எடை நிற்கிறதா என்று பாருங்கள்.

ஜன்னலோரம் (இருபத்தாறாம் நாள்)

வந்துவிட்டது!

காலையில் தொட்டியைத் தூக்கும்போது வேர்த்தண்டின் ஓரத்தில் ஏதோ வெளிறித் தெரிந்தது. பூஞ்சை என்று நினைத்துப் பயந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று சுருள்கள். ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு, தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பழுப்புச் செதிலை முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்றின் கழுத்து மயிரிழை அளவுக்கு மெலிது, இளஞ்சிவப்பு. அதைத் தொடக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அலுவலகத்துக்குத் தாமதமாகிவிட்டது.

ஈரமண் (இருபத்தாறாம் நாள்)

மிகவும் சந்தோஷம், தம்பி. இப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். சுருள் விரிகிற பத்து நாளில் ஒரே ஒரு முறை காய்ந்தாலும் அது பாதியிலேயே நின்றுவிடும். தொடாமல் இருந்தது நல்லது, விரல் பட்டாலே கறுத்துவிடும். தொட்டியைத் திருப்பவும் வேண்டாம், வெளிச்சத்தைப் பார்த்து அது தன் வழியைப் போட்டுக்கொள்ளட்டும்.

கண்ணாடிப்பெட்டி (இருபத்தாறாம் நாள்)

வாழ்த்துகள். என் பங்குக்கு ஒன்று: இந்தப் பத்து நாளுக்கு மட்டும் தொட்டிமேல் ஒரு கண்ணாடி ஜாடியைக் கவிழ்த்து வைக்க முடிந்தால் வையுங்கள், தினம் பத்து நிமிடம் திறந்து காற்று விடுங்கள். வேருக்குத் தண்ணீர் சரியாக இருக்கிறது, இப்போது தளிர் நுனிக்கு நான் சொன்ன காற்றும் கிடைக்கட்டும்.

ஜன்னலோரம் (நூற்றெட்டாம் நாள்)

யாராவது பிற்பாடு இந்த இழையைத் தேடி வருவார்கள் என்பதால் கடைசி நிலவரத்தை எழுதுகிறேன்.

இப்போது இருபத்திரண்டு தண்டுகள். ஜாடி வைத்த பத்து நாளில் விரிந்த மூன்றும்தான் மற்ற எல்லாவற்றையும்விட நுனி பழுதில்லாமல் இருக்கின்றன, அதில் கண்ணாடிப்பெட்டி சொன்னது பலித்தது. ஸ்பிரே பாட்டிலை வித்துத்தூளின் யோசனையைப் பார்த்து ஸ்போர் டப்பாவுக்குக் கொடுத்துவிட்டேன், அதில் பச்சை படிய ஆரம்பித்திருக்கிறது. நடுவில் வெப்பம் கூடிய ஒரு வாரம் செடி ஒரே நாளில் 150 கிராம் தண்ணீர் குடித்தது. இரண்டு நாளுக்கு ஒரு டம்ளர் என்ற பழைய கணக்கில் இருந்திருந்தால் அந்த வாரமே மறுபடியும் போயிருக்கும்.

தராசை இப்போது எடுப்பதில்லை. தூக்கினாலே தெரிகிறது. நேற்று என் மகள் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னைக்கு வேண்டாம், நாளைக்கு ஊத்தலாம்" என்றாள். நிறுத்துப் பார்த்தேன். 640.